வெருலம் வீட்டு வாசலிலிருந்து சாட்ஸ்வொர்த் சந்தை வரை அறுபடாத இணைப்பு

மாமாவின் காய்கறி வண்டியில் இருக்கும் டேப்லெட், வெருலம் வீட்டின் வைஃபையிலிருந்து 4ஜிக்கும், 4ஜியிலிருந்து சாட்ஸ்வொர்த்தில் உள்ள சந்தைக் கூடத்தின் வைஃபைக்கும், மாலையில் அதே வழியாகத் திரும்பவும் மாறுகிறது. இடையில் திறந்திருக்கும் கணக்கு நிரல் உறைவதில்லை; மறுபடி உள்நுழையச் சொல்வதும் இல்லை. இந்த நிலைக்கு வந்து சேர்ந்த வழியை, அளவுகளோடும் செலவுகளோடும், நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றிப் பக்கி எனப்படும் சிறு பிக்கப் வண்டியில் வியாபாரம் செய்யும் நம்மவர்கள் பலர் இருப்பதால், அவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். உணவகங்களும் வீடுகளும் தொலைபேசியில் சொல்லும் ஆர்டர்களை மாமி வீட்டு மடிக்கணினியில் பதிவு செய்வார். மடும்பிக் கிழங்கு (சேப்பங்கிழங்கு) எத்தனை கிலோ, பச்சை மிளகாய் எத்தனை பெட்டி என்பதெல்லாம் உடனே வண்டியில் இருக்கும் டேப்லெட்டில் தெரிய வேண்டும். மாமா விற்றதைக் குறித்தால் அது வீட்டில் உள்ள இருப்பிலிருந்து கழிய வேண்டும். நிரல் பழையது. மடிக்கணினியோடு ஒரே டிசிபி இணைப்பை (இரு கணினிகள் விடாமல் பேசிக்கொள்ளத் திறந்துவைக்கும் வழியை) நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கும் வகையைச் சேர்ந்தது. இணைப்பு இல்லாதபோது சேர்த்துவைத்துப் பின்னால் அனுப்பும் வசதி அதில் கிடையாது. அதன் மூலநிரல் எங்களிடம் இல்லாததால், நிரலைத் தொடாமல் வலையைத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

"வாசலைத் தாண்டினா இது செத்துப்போகுதுப்பா" என்பதுதான் மாமாவின் புகார். அவர் சொன்னது துல்லியமான விவரிப்பு. டிசிபி இணைப்பு நான்கு எண்களால் அடையாளம் காணப்படுகிறது: இரு முனைகளின் ஐபி முகவரிகள், இரு முனைகளின் போர்ட் எண்கள். வீட்டு வைஃபையை விட்டு 4ஜிக்கு மாறியதும் டேப்லெட்டின் முகவரி மாறிவிடுகிறது. ஆனால் மடிக்கணினி, குடிமாறிப் போனவருக்குப் பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருப்பது போல, பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. நிரல் தானாக அதை உணர்ந்துகொள்ளப் பல நிமிடங்கள் ஆகின்றன.

முதல் ஏற்பாடாக மாமாவின் கைபேசியையே ஹாட்ஸ்பாட்டாக வைத்துப் பார்த்தோம். முகவரி மாறும் தொல்லை குறைந்தது உண்மை. ஆனால் மாமா கைபேசியோடு இறங்கிப் போகும்போது டேப்லெட் தனித்து நின்றது. வீட்டில் நிற்கும்போதும் சிம்மின் டேட்டாவே செலவானது. அடுத்து டேப்லெட்டிலேயே வயர்கார்டு என்ற விபிஎன் செயலியை நிறுவினேன். இணையத்தின் ஊடே இரு முனைகளுக்கிடையே அது அமைக்கும் மூடிய வழியைத்தான் இங்கே சுரங்கம் என்கிறேன். முகவரி மாறினாலும் சுரங்கம் நிற்கிறது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. ஆனால் டேப்லெட்டின் மின்சேமிப்பு அமைப்பு திரை அணைந்ததும் செயலியை உறங்க வைத்தது. பற்றுச்சீட்டு அச்சிடும் சிறு பிரிண்டருக்கும் அதே வலை தேவைப்பட்டது. ஆகவே, வலை மாற்றத்தைக் கவனிக்கும் வேலையை வண்டியிலேயே தங்கும் தனிப் பெட்டி ஒன்றுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

நடுவில் இடம்பெயராத ஒரு கணினி இருந்து, இடம்பெயரும் சாதனத்துக்கு உரியதை அது இருக்கும் இடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் புதியதல்ல. மொபைல் ஐபி என்ற நெறிமுறை 1996-இலேயே ஆர்எஃப்சி எனப்படும் இணைய நெறிமுறை ஆவணங்களில் 2002-ஆம் எண்ணாக வெளிவந்திருக்கிறது. கடையில் வாங்கும் சாதாரண சிம்மில் அந்த வசதி கிடைக்காது. ஆனால் வாடகைக்கு எடுக்கும் சிறு சர்வரும் வயர்கார்டும் இருந்தால் அதே வேலையை நாமே செய்துகொள்ளலாம். என்னிடம் ஏற்கெனவே ஜெர்மனியில் ஒரு சர்வர் இருந்ததால் அதில்தான் தொடங்கினேன். வெருலத்திலிருந்து அங்கே போய்வர 180 மில்லிவினாடி ஆனது. ஒவ்வொரு சொடுக்குக்கும் பலமுறை போய்வரும் இந்த நிரலில் அது கண்ணுக்குத் தெரியும் தாமதமாக நின்றது. ஜோகன்னஸ்பர்க்கில் மாதம் 110 ராண்டுக்கு ஒரு சர்வர் எடுத்ததும் அது 15 மில்லிவினாடிக்கு இறங்கியது.

பெட்டிக்குள் இருப்பவை இவை: 2 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி (இனி ‘பை’ என்பது இதுதான்), சிம் போடும் யூஎஸ்பி 4ஜி டாங்கிள், வெளி ஆன்டெனாவுடன் ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர். பையின் உள் வைஃபை டேப்லெட்டுக்கும் பிரிண்டருக்கும் வலை கொடுக்கிறது. வெளி அடாப்டர் வீட்டு வைஃபையையும் சந்தை வைஃபையையும் பிடிக்கிறது. டேப்லெட் பார்ப்பது எப்போதும் ஒரே வலையை, ஒரே முகவரியோடு; மாற்றம் எல்லாம் பெட்டிக்குப் பின்னால் நடக்கிறது.

மின்சாரம் நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் வேலை வைத்தது. சந்தையில் வண்டி எஞ்சின் நின்ற நிலையில் மணிக்கணக்காக நிற்கும் என்பதால், பெட்டியை இக்னிஷனோடு இணைக்க முடியாது. நேரே பேட்டரியிலிருந்து 3 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக எடுத்தேன். பேட்டரி முனையிலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். பெட்டிக்கு அருகில் வைத்தால் இடையில் உள்ள கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. மொத்தமும் சராசரியாக 6 வாட் எடுக்கிறது, அதாவது 12 வோல்டில் அரை ஆம்பியர். ஐந்து மணி நேரம் நின்றால் 2.5 ஆம்பியர்-மணி, 60 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது பெரிய சுமையில்லை.

12 வோல்டை 5 வோல்டாக்கும் கன்வெர்ட்டரை முதலில் பானெட்டுக்குள் பேட்டரி அருகே வைத்து, 5 வோல்டை மூன்று மீட்டர் மெல்லிய கம்பியில் இருக்கைக்குக் கீழே கொண்டுவந்தேன். 4ஜி டாங்கிள் சிக்னல் அனுப்பத் தொடங்கியதும் பையின் முனையில் மல்டிமீட்டர் 4.68 வோல்ட் காட்டியது. ராஸ்பெரி பை 4.63 வோல்டில் குறைமின்னழுத்த எச்சரிக்கை தரும், விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தோம். 12 வோல்டாகவே இருக்கைக்குக் கீழே கொண்டுவந்து, கன்வெர்ட்டரைப் பையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்ததும் அதே சுமையில் 5.08 வோல்ட் கிடைத்தது. அதே கம்பிதான், மின்னழுத்தம் கூடும்போது மின்னோட்டம் குறைவதால் கம்பியில் இழப்பும் குறைகிறது.

அப்படியும் வண்டியை ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் பை அணைந்து எழுந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் கணத்தில் பேட்டரி 9 வோல்டுக்கும் கீழே போகிறது. என் கன்வெர்ட்டருக்குக் குறைந்தது 9 வோல்ட் வேண்டும் என்று அதன் முதுகிலேயே அச்சிட்டிருந்தது. 6 வோல்ட் வரை தாங்கும் வேறொன்றை 220 ராண்டுக்கு வாங்கி மாற்றினேன். அதன்பின் ஸ்டார்ட் செய்யும்போது அணைவதில்லை.

மென்பொருளுக்கு வருவோம். பையில் போட்டது, வலை இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் இயல்பாக இருக்கும், ராஸ்பெரி பை இயங்குதளத்தின் புக்வார்ம் பதிப்பு. இரண்டு வழிகளில் எது முதலில் என்பதை அது மெட்ரிக் என்ற எண்ணால் தீர்மானிக்கிறது. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. கம்பி இணைப்புக்கு 100, வைஃபைக்கு 600, மொபைல் மோடத்துக்கு 700 என்பவை இயல்பான மதிப்புகள். வைஃபை இருக்கும்போது வைஃபை, இல்லாவிட்டால் 4ஜி என்று இவை தாமே அமைந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் இந்த வகை டாங்கிள்களில் பல, தம்மை மோடமாகக் காட்டிக்கொள்வதில்லை. யூஎஸ்பியில் செருகிய ஈதர்நெட் அட்டையாகவே காட்டிக்கொள்கின்றன. அதனால் அதற்கு 100-ஐ ஒட்டிய மெட்ரிக் கிடைத்தது. வீட்டு வைஃபைக்கு அடியில் நின்றபடியே பை சிம் வழியாக எல்லாப் புதுப்பிப்புகளையும் இறக்கி, ப்ரீபெய்ட் டேட்டாவைக் காலி செய்துவிட்டது. டாங்கிளின் மெட்ரிக்கை 800 என்று கையால் எழுதியதும் வரிசை சரியானது. வழித்தடப் பட்டியலில் வைஃபை வரி 600 என்றும் டாங்கிள் வரி 800 என்றும் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மற்ற வேலைகளுக்குப் போக வேண்டும் என்று இதே வழியில் வருகிறவர்களுக்கு வலியுறுத்திச் சொல்வேன்.

அடுத்த சிக்கல் சந்தையில் வந்தது. வைஃபை பிடித்தது, முகவரியும் கிடைத்தது, ஆனால் ஒரு தரவுப் பொட்டலமும் போகவில்லை. சந்தைக் கூடத்தின் ரூட்டர் 192.168.8.1, என் டாங்கிளின் உள்முகவரியும் 192.168.8.1. இரண்டு திசைகளிலும் ஒரே விலாசம் இருந்தால் பை எங்கே அனுப்பும்? டாங்கிளின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் அதன் உள்வலையை 192.168.77 என்று மாற்றினேன். டேப்லெட்டுக்கான வலையை 10.44 என்று தொடங்கும் வரிசையில் வைத்தேன். வெவ்வேறு இடங்களின் வைஃபையை நாடிப்போகும் பெட்டிக்கு, எவரும் வழக்கமாக வைக்காத எண்களைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்வது நல்லது.

வயர்கார்டு அமைப்பு சுருக்கமானது. ஜோகன்னஸ்பர்க் சர்வர் 51820 என்ற யூடிபி போர்ட்டில் காத்திருக்கிறது (யூடிபி என்பது டிசிபி போல இணைப்பைப் பிடித்துவைக்காமல் பொட்டலங்களைத் தனித்தனியாக அனுப்பும் முறை). வண்டிப் பெட்டியும் வீட்டு மடிக்கணினியும் அதோடு இணைகின்றன. வயர்கார்டு எதிர்முனையை அதன் சாவியால் அடையாளம் காண்கிறதே தவிர முகவரியால் அல்ல. சரியான சாவியோடு வந்த பொட்டலம் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அந்த முகவரிக்கே அடுத்த பதிலை அனுப்பும். இடம் மாறும் சாதனத்துக்குத் தேவையான எல்லாம் இந்த ஒரு வழக்கத்தில் அடங்கியிருக்கிறது. சிம் நிறுவனங்களின் முகவரி மாற்றிகள் சும்மா இருக்கும் யூடிபி வழியை விரைவில் மூடிவிடும் என்பதால், 25 வினாடிக்கு ஒருமுறை உயிர்ச்செய்தி அனுப்பும்படி வைத்தேன். ஒரு செய்தி தலைப்போடு சேர்த்து 60 பைட். மணிக்கு 9 கிலோபைட்டுக்கும் குறைவு.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வழி மாறிய செய்தி சர்வருக்குத் தெரிய வேண்டுமானால் வண்டியிலிருந்து ஒரு பொட்டலமாவது புறப்பட வேண்டும். டேப்லெட் அமைதியாக இருக்கும் நேரத்தில் வழி மாறினால், மாமி பதிவு செய்த ஆர்டர் அடுத்த உயிர்ச்செய்தி போகும்வரை பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். வழி மாறிய உடனே சுரங்கத்துக்குள் ஒரு பிங் (பதில் கேட்கும் சிறு சோதனைப் பொட்டலம்) அனுப்பும் வரியைச் சேர்த்ததும் அந்தத் தாமதம் நீங்கியது.

பிங் போகிறது, ஆனால் நிரலின் பெரிய பட்டியல்கள் பாதியில் நிற்கின்றன என்ற கோளாறு 4ஜியில் மட்டும் தோன்றியது. வயர்கார்டின் இயல்பான எம்டியூ, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, 1420 பைட். ஈதர்நெட்டின் 1500-இல் 80-ஐக் கழித்து வந்த எண் அது. 4ஜி வழியில் அந்த அளவுக்கு இடம் இல்லை. பிரிக்கக்கூடாது என்ற கட்டளையோடு பிங்கின் அளவை ஏற்றியும் இறக்கியும் பார்த்துவிட்டு, ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6 எந்த இணைப்பிலும் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அளவான 1280-இல் நிறுத்தினேன். அதன்பின் எங்கும் நின்றதில்லை.

வெகுநேரம் பிடிபடாமல் இருந்தது நேரம் தொடர்பான கோளாறுதான். வண்டி மெக்கானிக்கிடம் போய் பேட்டரி கழற்றப்பட்டு வந்தபின், 4ஜி நன்றாக இருந்தும் சுரங்கம் சில நிமிடங்களுக்கு எழவில்லை. ராஸ்பெரி பை 4-இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லை. மின்சாரம் திடீரென்று போனால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே மீண்டும் எண்ணத் தொடங்குகிறது. வயர்கார்டோ இணைப்பைத் தொடங்கும் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேர முத்திரையைப் பார்க்கிறது. முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரை வந்தால், யாரோ பழைய பொட்டலத்தைத் திரும்ப அனுப்புகிறார்கள் என்று கருதி, பதில் சொல்லாமல் விட்டுவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. இணையத்திலிருந்து பை சரியான நேரத்தைப் பெற்ற பிறகே சுரங்கம் எழுந்தது. 80 ராண்டுக்கு டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்றை வாங்கிப் பையின் பின்களில் செருகியதோடு அது தீர்ந்தது. சர்வரின் பெயருக்குப் பதிலாக அதன் ஐபி எண்ணையே அமைப்பில் எழுதிவிட்டதால், பெட்டி எழும்போது பெயர் தேடிக் காத்திருப்பதும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகு N2 சாலையில் ஓடிப் பார்த்தோம். அம்கேனி இன்டர்சேஞ்சையும், N3 குறுக்கிடும் ஸ்பகெட்டி ஜங்ஷனையும், சாட்ஸ்வொர்த்துக்குள் செல்லும் ஹிக்கின்சன் ஹைவேயையும் கடந்தோம். சுரங்கத்தின் முகவரி ஒருமுறையும் மாறவில்லை. கோபுரம் விட்டுக் கோபுரம் மாறுவதை மொபைல் வலை தனக்குள்ளேயே கவனித்துக்கொள்கிறது. வலையின் மையத்தில் ஒரே இடத்தில் முகவரியைப் பிடித்து வைத்திருப்பதால், வண்டி ஓடுவது நமக்குத் தெரிவதே இல்லை. தொல்லை முழுவதும் வீட்டு வாசலிலும் சந்தை வாசலிலும்தான் இருந்தது. அதிலும் வலை போய்விட்டால் சிரமமில்லை. வைஃபை அறுந்த இரண்டு வினாடிக்குள் 4ஜி ஏற்றுக்கொள்கிறது. வலை இருப்பது போலத் தோன்றி உள்ளே உயிரில்லாமல் இருப்பதே உண்மையான எதிரி.

மின்வெட்டு நேரத்தில் இது மிகத் தெளிவாகத் தெரிந்தது. வீட்டு ரூட்டர் மினி யூபிஎஸ்ஸில் இருந்ததால் வைஃபை முழு வீச்சில் நின்றது. ஆனால் ஃபைபர் பெட்டி சுவர்ப் பிளக்கில் இருந்ததால் அணைந்துவிட்டது. வண்டிப் பெட்டி அந்த வெற்று வைஃபையையே பிடித்துக்கொண்டு நின்றது. நெட்வொர்க்மேனேஜரில் இணைப்புச் சோதனை உண்டு. தோற்றால் அந்த வழியின் மெட்ரிக்கோடு 20000-ஐக் கூட்டி அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆனால் அதன் இயல்பான இடைவெளி 300 வினாடி. வியாபாரத்தில் ஐந்து நிமிடம் நீண்ட நேரம்.

அதனால் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். அது 3 வினாடிக்கு ஒருமுறை, ஒவ்வொரு வழியிலும் தனித்தனியாக, ஜோகன்னஸ்பர்க் சர்வருக்குப் பிங் அனுப்புகிறது. தொடர்ந்து மூன்று தோற்றால் அந்த வழி பின்னுக்குப் போகும். தொடர்ந்து பத்து வென்றால்தான் முன்னுக்கு வரும். 4ஜியில் இதற்கு மணிக்கு 0.2 மெகாபைட்தான் செலவு. போவதற்கு எளிதாகவும் திரும்புவதற்குக் கடினமாகவும் வைத்ததற்குக் காரணம் வீட்டு வாசல். பக்கி ரிவர்ஸில் கேட்டைத் தாண்டும்போது பதிவேட்டில் வைஃபை வலிமை −58, −67, −74, −79 டிபிஎம் என்று இறங்கியது (பூஜ்யத்திலிருந்து விலக விலக வலிமை குறைவு). கேட்டுக்கு வெளியே மாமா கதவைப் பூட்ட நிறுத்தும் அரை நிமிடத்தில் −72-க்கு ஏறி, மறுபடி −80-க்கு விழுந்தது. ஸ்கிரிப்டின் முதல் வடிவம் அந்த அரை நிமிடத்துக்குள் வைஃபைக்கும் 4ஜிக்குமாக அலைபாய்ந்து, நிரலைத் திணறடித்தது. இப்போது −75-க்குக் கீழே இறங்கினால் வைஃபையை விட்டுவிடும். −65-ஐவிட நன்றாக இருந்தால் மட்டுமே திரும்ப எடுக்கும். இடையில் உள்ள 10 டெசிபெல் இடைவெளிதான் வாசலை அமைதிப்படுத்தியது.

உயிரற்ற வைஃபையை உணர்ந்து விலக இப்போது பத்து வினாடி ஆகிறது; நிரல் அதைத் தாங்கிக்கொள்கிறது. "இப்போ நான் இதைப் பார்க்கிறதே இல்ல, ராசா, வேலையைத்தான் பார்க்கிறேன்" என்று மாமா சொன்னார். அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

செலவு: பை 1,050 ராண்டு, டாங்கிள் 850, வைஃபை அடாப்டர் 260, இரண்டாவது கன்வெர்ட்டர் 220, கடிகாரம் 80, கம்பியும் ஃப்யூஸும் பெட்டியும் 190; ஆக 2,650 ராண்டு. முதல் கன்வெர்ட்டர் 140 ராண்டு தனி. அது இப்போது வீட்டில் வேறு வேலைக்குப் போய்விட்டது.

மறுபடி செய்வதாக இருந்தால் ராஸ்பெரி பைக்குப் பதில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் இயங்குதளம் ஓடும் சிறு ரூட்டரை எடுப்பேன். அதில் எம்வான்3 என்ற பொதி, வழிகளைச் சோதித்து மாற்றும் வேலையைச் செய்கிறது. நான் எழுதிய ஸ்கிரிப்டில் பாதி அதில் தேவைப்படாது. நிரலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையில் இருப்பவர்கள் 2021-இல் ஆர்எஃப்சி 9000 ஆக வந்த குவிக் நெறிமுறையில் ஓடும் நிரலை நாடலாம். முகவரி மாறினாலும் இணைப்பு எண்ணை வைத்துத் தொடரும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. தொலைவிலிருந்து பெட்டியைப் பராமரிக்க தொலைக் கணினியில் கட்டளையிட உதவும் வழக்கமான எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக, வலை மாறினாலும் அறுபடாத மோஷைப் பயன்படுத்துகிறேன். என் மடிக்கணினி எந்த வலைக்கு மாறினாலும் திரை அப்படியே இருக்கிறது.

இன்னும் பலவீனமாக இருப்பது வீட்டு முனைதான். ஃபைபர் பெட்டியையும் அதே மினி யூபிஎஸ்ஸில் சேர்த்துவிட்டோம். இரண்டும் 12 வோல்ட் என்பதால் ஒரு பிரிப்புக் கம்பி போதுமானதாக இருந்தது. ஆனால் தெருவின் ஃபைபரே அணையும் நாளில் வண்டி சர்வரை எட்டும், மடிக்கணினியை எட்டாது. அதனால் கணக்கின் தரவுத்தளத்தை ஜோகன்னஸ்பர்க் சர்வருக்கே மாற்றும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். மாமியின் மடிக்கணினியும் வண்டியைப் போல அதோடு இணையும் ஒரு முனையாக ஆகிவிடும். அது முடிந்ததும் வேறு நிறுவனத்தின் சிம்மோடு இரண்டாவது டாங்கிள் ஒன்று 900 மெட்ரிக்கில் சேரும்; அதன் உள்வலைக்கு 192.168.78 என்று எண்ணும் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.